வேலையை விட்டவருக்கு எந்தப் பணம் வரும், எது வராது: கடலூர், புதுச்சேரித் தொழிலாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"நானாகத்தான் வேலையை விட்டேன். வேலையில்லாத காலத்துக்கு அரசு ஏதாவது தருமா?" குடிகாடு, கடலூர் முதுநகர், பாகூர், சேதராப்பட்டு என ஆலைத் தொழிலாளர்கள் வாழும் எந்த ஊரிலும் இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. சுருக்கமான பதில்: ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம்) வழங்கும் வேலையிழப்பு நிவாரணம், தானாக விலகியவருக்குக் கிடையாது. தமிழக அரசு தரும் சிறிய உதவித்தொகை ஒன்றுக்கு மட்டும், வேலையை ஏன் விட்டீர்கள் என்பது தடையாக நிற்பதில்லை.

அதோடு பலரும் மனம் உடைந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கடைசிச் சம்பளம், விடுப்புச் சம்பளம், போனஸ், கிராஜுவிட்டி (பணிக்கொடை), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) ஆகியவை நீங்கள் உழைத்துச் சேர்த்த பணம். ராஜினாமா செய்ததால் அவற்றில் எதுவும் பறிபோகாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு உண்டு, தனித்தனி அலுவலகம் உண்டு. அந்த வரிசையில்தான் கீழே சொல்லியிருக்கிறேன்.

ஊர் சார்ந்த ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். கடலூரில் குடியிருந்துகொண்டு புதுச்சேரி ஆலைக்குப் போய்வருபவர்கள் ஏராளம். ரெட்டிச்சாவடியைத் தாண்டி முள்ளோடைக்குள் பஸ் நுழைந்ததும் அரசு மாறிவிடுகிறது. சம்பளம், கிராஜுவிட்டி, பணிநீக்கம் தொடர்பான புகார்கள் எல்லாம் நீங்கள் வேலை பார்த்த இடத்தின் அரசிடம் போக வேண்டும். ஆலை கிருமாம்பாக்கத்தில் இருந்தால் புதுச்சேரித் தொழிலாளர் துறை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்தால் கடலூரில் உள்ள தமிழகத் தொழிலாளர் துறை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் உதவித்தொகையும் குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தவை. பிஎஃப், ஈஎஸ்ஐ இரண்டும் மத்திய அரசின் அமைப்புகள். அவற்றுக்கு எல்லைப் பிரச்சினை இல்லை. இதைத் தெரியாமல் தவறான அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுப் பல வாரங்கள் காத்திருப்பவர்கள் உண்டு.

முதல் படி: நீங்கள் உண்மையிலேயே ராஜினாமா செய்தீர்களா?

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி இதுதான். இன்னும் கடிதம் எழுதிக் கொடுக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆர்டர் குறைந்துவிட்டது, பத்துப் பேரைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்கிறது என்று வையுங்கள். தொழிலாளியைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் கௌரவமாகப் போய்விடலாம். இல்லையென்றால் நாங்கள் நீக்கியதாகப் போட வேண்டியிருக்கும். அப்புறம் வேறு கம்பெனியில் எடுக்க மாட்டார்கள்" என்கிறார்கள். மேசைமேல் தட்டச்சு செய்த தாள் தயாராக இருக்கிறது: "எனது சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகுகிறேன்." பேனாவை நீட்டுகிறார்கள்.

அந்த ஒரு கையெழுத்தால் என்னென்ன போகிறது என்று பாருங்கள். ஆட்குறைப்பு என்றால், ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை இழப்பீடாகத் தர வேண்டும். ஏழு ஆண்டு வேலை பார்த்தவருக்கு 105 நாள் சம்பளம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, மறுதிறன் பயிற்சி நிதி என்ற பெயரில் மேலும் 15 நாள் சம்பளத்தை, ஆட்குறைப்பு நடந்த 45 நாட்களுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. இவற்றோடு ஈஎஸ்ஐ வேலையிழப்பு நிவாரணமும் உண்டு. "சொந்தக் காரணம்" என்று எழுதிக் கொடுத்தவருக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. மேற்பார்வைப் பணியில் இருந்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்கள், நிர்வாகப் பணியில் இருப்பவர்கள் ஆகியோர் இந்தச் சட்டத்தில் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

எனவே எழுதச் சொன்னால், அங்கேயே எழுதாதீர்கள். "வீட்டில் கலந்து பேசிவிட்டு நாளை சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அன்று மாலையே நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள்: "இன்று என்னை ராஜினாமாக் கடிதம் தரச் சொன்னீர்கள். நான் தொடர்ந்து வேலை செய்யவே விரும்புகிறேன். ஆள் குறைப்பதாக இருந்தால் சட்டப்படியான அறிவிப்பைத் தாருங்கள்." மூன்று வரி போதும். மறுநாள் வழக்கம்போல் ஷிஃப்டுக்குப் போங்கள். வாசலிலேயே நிறுத்தினால், நிறுத்தப்பட்ட நாளையும் நேரத்தையும் எழுதி அன்றைக்கே இன்னொரு தபால் அனுப்புங்கள். தபால் ரசீது பின்னாளில் ஆயிரம் பேச்சுக்குச் சமம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? கடிதத்தில் "இன்ன தேதியிலிருந்து" விலகுவதாக எழுதியிருந்து அந்தத் தேதி இன்னும் வரவில்லை என்றால், பொதுவாக அதைத் திரும்பப் பெற முடியும். "என் ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுத்தில், தேதியோடு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு கொடுக்க வேண்டும். மிரட்டி வாங்கிய கடிதம் என்றால், தாமதிக்காமல் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுங்கள். சமரசப் பேச்சுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. புதுச்சேரித் தொழிலாளர் துறை காந்தி நகரில், வழுதாவூர் சாலையில் இருக்கிறது. நாள் கடந்து போகும் மனுவைப் பார்த்து, "மிரட்டினார்கள் என்றால் ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காண்டிராக்ட் மாறும்போதெல்லாம் பழைய ஒப்பந்ததாரர் ராஜினாமா எழுதி வாங்கிக்கொள்வார். புதிய ஒப்பந்ததாரர் புதிதாகச் சேர்த்துக்கொள்வார். அதே இயந்திரம், அதே ஷிஃப்ட். இப்படி வாங்கும் ஒவ்வொரு கடிதமும் உங்கள் பணித் தொடர்ச்சியை அறுக்கிறது. பத்து ஆண்டு உழைத்த பிறகும் "உனக்கு ஐந்து ஆண்டு தொடர் சர்வீஸ் இல்லை" என்று கிராஜுவிட்டியை மறுக்க இது வழிவகுக்கும். அடையாள அட்டை, வருகைச் சீட்டு, பிஎஃப் பாஸ்புக் ஆகிய மூன்றையும் ஒவ்வோர் ஆண்டும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்ததாரர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால், அந்தச் சம்பளத்தைக் கொடுக்கும் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு, அதாவது நீங்கள் வேலை செய்த ஆலையின் நிறுவனத்துக்கு வரும்.

இரண்டாம் படி: கடிதத்தில் என்ன எழுதுவது

உண்மையாகவே விலக முடிவு செய்துவிட்டவர்கள் "சொந்தக் காரணம்" என்ற இரண்டு சொற்களோடு நிறுத்தக் கூடாது. மூன்று மாதமாகச் சம்பளம் வராததால் விலகுகிறீர்கள் என்றால் அதையே எழுதுங்கள். ரசாயன நெடி உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மருத்துவர் வேண்டாம் என்றார் என்றால் அதை எழுதி மருத்துவச் சான்றின் நகலை இணையுங்கள். மேலாளரின் பாலியல் அத்துமீறல் காரணம் என்றால் அதையும் எழுதலாம். நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவுக்குத் தனியாக மனுவும் தரலாம். காரணம் எழுதியதால் மட்டும் ஈஎஸ்ஐ நிவாரணம் வந்துவிடாது. நாளைக்கு ஒரு வழக்கோ சமரசமோ வந்தால், அன்று எழுதிய அந்த வரி உங்களுக்காகப் பேசும்.

நியமனக் கடிதத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தைப் பார்த்துவிட்டுத் தேதி குறிப்பிடுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். விலகும்போது பணிச்சான்றும் விடுவிப்புக் கடிதமும் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: கடைசிச் சம்பளமும் சில்லறைப் பாக்கிகளும்

முன்பு, நிறுவனம் நீக்கினால்தான் கணக்கை உடனடியாக முடிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத்தொகுப்பு ராஜினாமா செய்தவரையும் சேர்த்துக்கொண்டது. விலகிய நாளிலிருந்து இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும். "செட்டில்மென்ட் 45 நாள் ஆகும், அதுதான் எங்கள் வழக்கம்" என்றால், வழக்கம் சட்டத்தை மீறாது என்று பணிவாகச் சொல்லுங்கள்.

எடுக்காமல் மிச்சம் வைத்த ஈட்டிய விடுப்புக்கும் சம்பளம் உண்டு. ஆலைகளில் பொதுவாக 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அது சேரும்.

போனஸைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஒரு நிதியாண்டில் 30 நாளாவது வேலை செய்திருந்தால், நடுவில் விலகியவருக்கும் வேலை செய்த காலத்துக்குரிய போனஸ் உண்டு, குறைந்தபட்சம் 8.33 சதவீதம். தீபாவளிக்கு ஆலையில் மற்றவர்களுக்கு வரும்போது உங்கள் கணக்கிலும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள்.

நான்காம் படி: கிராஜுவிட்டி

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றிய எவருக்கும் கிராஜுவிட்டி உண்டு. ராஜினாமா செய்தவருக்கும் உண்டு. "தானாகப் போனவருக்குக் கிடையாது" என்று சொல்வது பொய். குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டவருக்கு, புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின்படி ஓராண்டு முடித்தாலே, வேலை பார்த்த காலத்துக்கு ஏற்ப உண்டு.

ஐந்தாம் ஆண்டு முழுதாக முடியாதவர்கள் அவசரப்பட்டுக் கைவிட வேண்டாம். ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதை முழு ஆண்டாகக் கொள்ள வேண்டும் என்ற அடிப்படையில், நான்கு ஆண்டும் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அதுதான் உயர் நீதிமன்றம். வார விடுமுறை, சம்பளத்தோடு எடுத்த விடுப்பு, மகப்பேறு விடுப்பு ஆகியவையும் அந்த 240 நாளுக்குள் சேரும். ராஜினாமாத் தேதியை முடிவு செய்யும் முன் காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். இரண்டு வாரம் பொறுத்தால் ஐந்தாண்டுப் பணம் கிடைக்கும் என்றால் பொறுப்பதுதான் நியாயம்.

கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மாதம் 15,600 ரூபாய் என்றால் ஓராண்டுக்கு 9,000. ஏழு ஆண்டுக்கு 63,000. ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் ஓராண்டாகும்: ஆறு ஆண்டு ஏழு மாதம் என்றால் ஏழு ஆண்டு. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டிப் படிகளாகப் பிரித்துப் போடும் வழக்கத்துக்கும் புதிய சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையை ஊதியத்தோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

விலகிய 30 நாட்களுக்குள் நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். காலம் தவறினாலும் உரிமை போகாது. ஆனால் தவற விடாதீர்கள். நிறுவனம் 30 நாட்களுக்குள் தர வேண்டும், தவறினால் வட்டியும் சேரும். மறுத்தாலோ வாய் திறக்காமல் இருந்தாலோ, 90 நாட்களுக்குள் கிராஜுவிட்டிக்கான கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போகலாம். எங்கே போவது என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள்.

ஐந்தாம் படி: பிஎஃப்

பணம் பெரிதாக இருப்பதும் சிக்கல் அதிகமாக இருப்பதும் இங்கேதான்.

முதலில் பெயர். ஆதாரில் "செந்தில்குமார் ர", பிஎஃப் கணக்கில் "ர.செந்தில்குமார்", வங்கியில் "செந்தில்குமார் ரங்கநாதன்" என்று ஒரே ஆள் மூன்று பேராக இருப்பார். முன்னெழுத்து முன்னால் வருவதா, பின்னால் வருவதா, விரித்து எழுதுவதா என்ற நம் ஊர்ப் பழக்கம் பிஎஃப் இணையதளத்துக்குப் புரியாது. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும். வேலையை விடும் முன்பே அந்த இணையதளத்தில் யுஏஎன் எண்ணில் (உங்கள் பிஎஃப் கணக்குகளுக்கான பொது எண்) நுழைந்து பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பாலினம் எல்லாம் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதார் மூலம் உருவான யுஏஎன் என்றால், 2025 ஜனவரி முதல் பெரும்பாலான திருத்தங்களை நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் நீங்களே செய்துகொள்ளலாம். அதற்கு முந்தைய எண் என்றால் நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படும். வேலையில் இருக்கும்போது அதைக் கேட்டு வாங்குவது சுலபம்.

அடுத்தது விலகிய தேதி. நிறுவனம் அதைப் பதிவு செய்யாமல் விட்டால் இறுதித் தொகைக்கு விண்ணப்பிக்க முடியாது. பழிவாங்கும் எண்ணத்தில் இதைப் பதியாமல் இழுத்தடிக்கும் முதலாளிகள் உண்டு. அவர்களிடம் கெஞ்ச வேண்டியதில்லை. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கடந்ததும், இணையதளத்தில் நிர்வகிப்புப் பகுதிக்குள் சென்று, ஆதார் எண்ணோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கொடுத்து நீங்களே பதியலாம். கடைசிச் சந்தா எந்த மாதத்துக்குக் கட்டப்பட்டதோ அந்த மாதத்துக்குள் அடங்கும் தேதியாக அது இருக்க வேண்டும். ஒருமுறை பதிந்தால் மாற்றுவது கடினம் என்பதால் நிதானமாகப் பதியுங்கள்.

எவ்வளவு எடுக்கலாம்? வெகுகாலமாக இருந்த விதி இது: ஒரு மாதம் வேலையில்லாமல் இருந்தால் 75 சதவீதம், இரண்டு மாதம் ஆனால் முழுவதும். திருமணத்துக்காக வேலையை விடும் பெண்களுக்கு அந்த இரண்டு மாதக் காத்திருப்பு இல்லை. 2025 அக்டோபர் 13 அன்று பிஎஃப் அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது. அதன்படி வேலை போனதும் 75 சதவீதத்தை எடுத்துக்கொள்ளலாம். மீதி 25 சதவீதத்தை 12 மாதம் வேலையில்லாமல் இருந்தால்தான் எடுக்கலாம். பிஎஃப்போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள பகுதிக்கான காத்திருப்பு இரண்டு மாதத்திலிருந்து 36 மாதமாகிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் எந்தத் தொகைக்குத் தகுதி என்பதை இணையதளத்தின் விண்ணப்பப் பக்கமே காட்டும். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

படிவங்களின் எண்ணை நினைவில் வைத்தால் போதும். பிஎஃப் இறுதித் தொகைக்கு 19. ஓய்வூதியப் பகுதிக்கு 10சி. பகுதித் தொகைக்கு 31. விதிப்படி குறையில்லாத விண்ணப்பத்தை 20 நாட்களுக்குள் முடிக்க வேண்டும்.

10சி-யில் நிறையப் பேர் கண்ணை மூடிக்கொண்டு பணத்தை எடுத்துவிடுகிறார்கள். ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டு நிறைந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. குறைந்த தொகையில் 50 வயதுக்கு மேலும் தொடங்கலாம். ஏழு, எட்டு ஆண்டு முடித்தவர் அந்தச் சின்னத் தொகையை எடுத்துவிட்டால் அத்தனை ஆண்டும் அழிந்துவிடும். அடுத்த வேலையில் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதற்குப் பதிலாக அதே படிவத்தில் திட்டச் சான்றிதழ் கேளுங்கள். பழைய ஆண்டுகளும் புதிய ஆண்டுகளும் சேர்ந்துகொள்ளும். பத்து ஆண்டு முடித்தவர்களுக்கு எப்படியும் பணமாகத் தரமாட்டார்கள், சான்றிதழ்தான்.

வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தச் சர்வீஸ் ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருந்து, எடுக்கும் தொகை 50,000 ரூபாயைத் தொட்டால், பான் எண் இருந்தால் 10 சதவீதம், இல்லாவிட்டால் 20 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் வராதவர்கள், 15ஜி என்று எல்லோரும் சொல்லும் உறுதிமொழிப் படிவத்தைச் சேர்த்துக் கொடுத்தால் பிடித்தம் இருக்காது. பழைய நிறுவனத்தின் கணக்கைப் புதிய கணக்கோடு மாற்றி இணைத்திருந்தால் இரண்டு சர்வீஸும் சேர்த்தே எண்ணப்படும்.

இரண்டு மூன்று மாதத்தில் வேறு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால், என் கருத்து: தேவைக்கு மட்டும் பகுதித் தொகையை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவைப்பது நல்லது. வேலையில் இல்லாவிட்டாலும் வட்டி சேர்ந்துகொண்டுதான் இருக்கும்.

ஆறாம் படி: ஈஎஸ்ஐ

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கியவர்களுக்கு இது பொருந்தும். வேலையிழந்தவருக்கு நிவாரணம் தரும் அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் என்று ஒன்று 2018 ஜூலை 1 முதல் இருக்கிறது. சராசரி நாள் ஊதியத்தில் முன்பு 25 சதவீதம் தந்தார்கள், பிறகு 50 சதவீதமாக உயர்த்தினார்கள். வாழ்நாளில் மொத்தம் 90 நாட்களுக்கு மட்டும். கடைசி நான்கு சந்தாக் காலத்தில், அதாவது இரண்டு ஆண்டில், நீங்கள் வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுப்பார்கள். 3,65,000 ரூபாய் என்றால் நாளுக்கு 500. அதில் பாதி 250. 90 நாளுக்கு 22,500 ரூபாய். குறைந்தது இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலை போன 30 நாட்களுக்குப் பிறகு நேரடியாக ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்திலோ இணையதளத்திலோ கோரலாம். காலவரையறையோடு வந்து அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், கோரும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவருக்கும், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவருக்கும், விருப்பத்தின்பேரில் விலகியவருக்கும் இது கிடையாது. முதல் படியை அவ்வளவு நீளமாக எழுதியதன் காரணம் இதுதான்.

இங்கே கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நிறுவனம் மாதாமாதம் ஈஎஸ்ஐ இணையதளத்தில் சந்தாக் கணக்கு ஏற்றும். ஒரு தொழிலாளிக்கு வேலை நாள் பூஜ்யம் என்று போட்டால் பக்கத்திலேயே காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2 என்றால் பணியிலிருந்து விலகினார். 10 என்றால் ஆட்குறைப்பு. 11 என்றால் வேலை இல்லை. ஆட்குறைப்பில் போனவருக்கும் பழக்கதோஷத்தில் 2 என்றே அழுத்திவிடுகிற அலுவலர்கள் உண்டு. நீங்கள் ராஜினாமாவே தராமல் நிறுத்தப்பட்டிருந்தால், உங்கள் பெயருக்கு எதிரே எந்தக் காரணம் பதிவாகியிருக்கிறது என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள். தவறாக இருந்தால், நிறுவனத்துக்கு அனுப்பிய தபால்களின் நகலோடு மறுப்பு எழுதிக் கொடுங்கள்.

ஆலையே மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நடந்தாலோ, வேலைக்குத் தொடர்பில்லாத விபத்தாலோ காயத்தாலோ 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஏற்பட்டு வேலை போனாலோ, 2005-இல் தொடங்கிய ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டம் இன்னும் பெரியது. முதல் 12 மாதம் ஊதியத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம், கூடவே குடும்பத்துக்கு மருத்துவ வசதி. இரண்டு ஆண்டுச் சந்தா வேண்டும். உடல் முடியாமல் வேலையை விடுகிறவர்கள் ராஜினாமா எழுதும் முன் இதற்குத் தகுதி இருக்கிறதா என்று விசாரிப்பது அவசியம்.

தானாக விலகியவருக்கும் ஈஎஸ்ஐயில் மிஞ்சுவது மருத்துவம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சந்தாக் காலத்தில் 78 நாள் கட்டியிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பயன்பெறலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஆகஸ்டில் வேலையை விட்டவர், ஏப்ரலிலிருந்து 78 நாள் நிறைந்திருந்தால், அடுத்த ஜூன் 30 வரை சிகிச்சைக்குத் தகுதியானவர். வேலை போனதும் கார்டு செத்துவிட்டது என்று நினைத்துத் தனியார் மருத்துவமனைக்குக் கடன் வாங்கிக் கட்டாதீர்கள். புதுச்சேரி கோரிமேட்டில் ஈஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. குழந்தை பிறக்கவிருக்கும் வீடு, சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் மாத்திரை வாங்கும் வீடு ஆகியவற்றுக்கு இது பெரிய ஆறுதல்.

ஏழாம் படி: தமிழக அரசின் உதவித்தொகை

கடலூர் மாவட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு இது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும். பதிவைத் தவறாமல் புதுப்பித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலைக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும், மூன்று ஆண்டு வரை. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது வரம்பு பொதுவாக 40. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்குக் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிவு ஓராண்டு ஆனால் போதும், வருமான வரம்பு இல்லை, பத்து ஆண்டு வரை உண்டு. பத்தாம் வகுப்பு வரை படித்தவருக்கு 600, மேல்நிலைக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய்.

இந்தத் தொகையில் குடும்பம் நடத்த முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்றைய விலைவாசியில் இது மிகக் குறைவு. அரசு உயர்த்த வேண்டும். ஆனாலும் வாங்குங்கள். வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டதால் தகுதி இழப்பவர்கள்தான் அதிகம். இப்போது வேலையில் இருப்பவர்கள்கூட மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் புதுப்பித்தலை மறக்காதீர்கள். அதே மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார்துறை வேலைவாய்ப்பு முகாம்களையும், சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் மாவட்டத் தொழில் மையத்தின் மானியக் கடன்களையும் விசாரிக்கலாம்.

வெளிநாட்டில் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்

பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கம் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைய. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023 ஜனவரி முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். பன்னிரண்டு மாதச் சந்தா கட்டியவருக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை. வேலை போன 30 நாட்களுக்குள் கோர வேண்டும். அங்கேயும் ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போனவர்களின் நிலை கொஞ்சம் மேல். அங்கேயும் பொதுவாக ராஜினாமாவுக்கு உதவித்தொகை இல்லை. ஆனால் வேலை நிமித்தம் ஊர் மாறும் துணையோடு போவதற்காக விலகுவது போன்ற சில காரணங்களை நியாயமானவை என்று ஏற்றுக்கொள்கிறார்கள். 121 நாளுக்குப் பிறகு மறுபரிசீலனை கேட்கவும் வழி இருக்கிறது.

பணம் வராவிட்டால்

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பணம், எவ்வளவு, எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும் என்று மூன்று வரி. பதினைந்து நாள் பாருங்கள். பிறகு, சம்பளம், விடுப்பு, போனஸ், கிராஜுவிட்டிக்கு வேலை பார்த்த இடத்தின் தொழிலாளர் துறை. பிஎஃப்புக்கு 14470 என்ற கட்டணமில்லா எண்ணும் இணையதளத்தின் குறைதீர்ப்புப் பக்கமும். இணையத்தில் சிக்கிக்கொண்டவர்களுக்கு நேரில் போவதே நல்லது. ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பிஎஃப் அமைப்பு நேரடி முகாம் நடத்துகிறது. அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், யுஏஎன் எண், நியமனக் கடிதம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, ராஜினாமாக் கடிதத்தின் ஒப்புகை நகல், ஆதாரோடு இணைந்த கைபேசி ஆகியவற்றோடு போங்கள். கைபேசியை வீட்டில் மகனிடம் விட்டுவிட்டுப் போனால் கடவுச்சொல் அங்கே வந்துகொண்டிருக்கும். நீங்கள் மறுபடி பஸ் ஏற வேண்டியிருக்கும்.